மாசியில் விதைத்த பரு

விடிந்தால் மீனாட்சி திருக்கல்யாணம். மேலூரில் ஒரு வீட்டில் பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி கண்ணாடி முன்னால் நிற்கிறாள். தாவணி இஸ்திரி போட்டாயிற்று. மல்லிகைக்குச் சொல்லியாயிற்று. காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்தால்தான் கோயில் பக்கம் போய் நிற்க இடம் கிடைக்கும். எல்லாம் தயார். ஆனால் வாயோரத்திலிருந்து இரண்டு விரல் தள்ளி, தாடைக்குச் சற்று மேலே, சிவந்து, தொட்டால் விண்ணென்று வலிக்கிற ஒரு பரு.

"நேத்து வரைக்கும் இல்லம்மா. இன்னைக்குன்னு பாத்து வருது!"

"ரெண்டு நாளா மாம்பழமாத் தின்னேல்ல, சூடு. சங்கை ஒரசிப் போட்டுட்டுப் படு, காலையில அமுங்கிரும்."

இந்தப் பெண்ணுக்கு மல்லிகா என்று பெயர் வைத்துக்கொள்வோம். கற்பனைப் பெண்தான். ஆனால் அந்தக் கண்ணாடிமுன் நிற்காதவர்கள் நம்மில் குறைவு. கல்யாணத்துக்கு முந்தின நாள், நேர்முகத் தேர்வுக்கு முந்தின நாள், போட்டோ எடுக்கிற நாள் என்று பரு எப்படித்தான் தேதி பார்த்து வருகிறது?

வருவதில்லை என்பதுதான் பதில். மல்லிகாவின் பரு நேற்று ராத்திரி வரவில்லை. அது புறப்பட்டு ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகிறது.

மதுரைக்காரர்களுக்கு இது புரிய ஒரு சுலபமான வழி இருக்கிறது. மீனாட்சி கல்யாணம் முன்பு மாசி மாதத்தில் நடந்ததாகவும், திருமலை நாயக்கர் அதைச் சித்திரைக்கு மாற்றியதாகவும் சொல்வார்கள். திருவிழா சித்திரையில் நடந்தாலும் தேர் இன்றைக்கும் மாசி வீதிகளில்தான் ஓடுகிறது. பருவும் அப்படித்தான். முகத்தில் தெரிவது சித்திரையில், வேலை தொடங்கியது மாசியில்.

ஒரு துவாரத்தின் கதை

தோலில் மயிர் முளைக்கிற குழிக்கு மயிர்க்கால் என்று பெயர். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் கன்னம் முழுக்கக் குட்டிக் குட்டிக் கிணறுகளாகத் தெரியும். ஒவ்வொரு கிணற்றின் பக்கவாட்டிலும் ஒரு சுரப்பி ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது சுரப்பது தண்ணீர் இல்லை, மெழுகும் எண்ணெயும் கலந்த ஒரு கொழுப்பு. இந்த அத்தியாயத்தில் அதைத் தோல்நெய் என்று அழைப்போம். தோல் வறண்டு வெடிக்காமல் காப்பதில் அதற்குப் பங்கு உண்டு. முகத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 400 முதல் 900 வரை இந்தச் சுரப்பிகள் இருக்கின்றன. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் ஒன்றுகூடக் கிடையாது. அங்கே யாருக்கும் பரு வருவதில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

பூப்பெய்தும் வயதில் உடம்பில் ஆண்ட்ரஜன் என்கிற ஹார்மோன்கள் கூடுகின்றன. ஆண் ஹார்மோன் என்று சொல்லிப் பழகிவிட்டோம், பெண் உடம்பிலும் அவை உண்டு. அவை சுரப்பியைத் தட்டியெழுப்ப, தோல்நெய் அதிகம் ஊறுகிறது. நெய் ஊறுவது மட்டும் பருவல்ல. முகம் எண்ணெய் வழிந்தும் ஒரு பரு இல்லாதவர்கள் இருக்கிறார்கள்.

சிக்கல் கிணற்றின் வாயில் தொடங்குகிறது. உடம்பின் தோல் எப்போதும் பழைய செல்களை உதிர்த்துக்கொண்டே இருக்கிறது. கிணற்றின் உட்சுவரும் அப்படித்தான். சாதாரணமாக உதிர்ந்த செல்கள் நெய்யோடு மிதந்து வெளியே வந்துவிடும். சிலருக்கு, சில காலத்தில், இவை தனித்தனியாக உதிராமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. நெய்யும் செத்த செல்லும் பிசைந்த மாவு மாதிரி ஆகி வாயை அடைக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத இந்த முதல் அடைப்புக்கு நுண்ணடைப்பு என்று பெயர் வைப்போம். அத்தியாயத்தின் மையச் சொல் இதுதான்.

மதுரையில் கிருதுமால் ஓடுகிற பக்கம் போயிருப்பவர்களுக்கு மீதியை நான் சொல்ல வேண்டியதில்லை. பெயருக்கு நதி. குப்பை அடைத்த இடத்தில் தண்ணீர் தேங்கும், தேங்கிய இடத்தில் கொசு பெருகும், அப்புறம்தான் தெருவுக்குள் காய்ச்சல் வரும். மயிர்க்காலிலும் இதே வரிசைதான். தேங்கிய நெய்யில், காற்றுப் புகாத ஆழத்தில், கியூட்டிபாக்டீரியம் ஆக்னஸ் என்கிற பாக்டீரியா பெருகுகிறது. அது வெளியிலிருந்து வந்த கிருமி அல்ல. பரு இருப்பவர், இல்லாதவர் எல்லோர் முகத்திலும் வாழ்நாள் முழுக்கக் குடியிருப்பதுதான். அளவு மீறும்போது உடம்பின் காவல் படை வந்து இறங்குகிறது. சிவப்பு, வீக்கம், வலி, சீழ் எல்லாம் அந்தச் சண்டையின் அடையாளங்கள்.

நுண்ணடைப்பு உருவாகி, பெருத்து, சிவந்து வெளியே தெரிய எட்டு வாரம்வரை ஆகலாம். மல்லிகா கண்டது கடைசி நாள் காட்சியை. இன்றைக்கு அவள் முகத்தில் ஒரு பருதான் தெரிகிறது. ஆனால் சுத்தமாகத் தெரிகிற நெற்றியிலும் கன்னத்திலும் ஆனி மாதப் பருக்களும் வைகாசிப் பருக்களும் வெவ்வேறு கட்டத்தில் கருவாகி இருக்கின்றன. சிகிச்சை என்பது அவற்றுக்கும் சேர்த்துத்தான். இதை ஒப்புக்கொள்ளாதவர்கள்தான் கடை கடையாக ட்யூப் மாற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

சின்னத் துணுக்கு ஒன்று. மூக்கின் மேல் கருப்பாகத் தெரிகிற புள்ளிகளைப் பலரும் அழுக்கு என்று நினைத்து நார் போட்டுத் தேய்க்கிறார்கள். அது அழுக்கல்ல. வாய் திறந்த அடைப்பு காற்றுப் பட்டும், தோல் நிறமி சேர்ந்தும் கருத்துப்போனது. தேய்த்தால் போகாது, தோல்தான் புண்ணாகும்.

சூடா, மாம்பழமா?

அம்மா சொன்ன சூட்டுக்கு வருவோம். சித்திரை வெயிலில் நிற்கிற ஊரில் இருந்துகொண்டு சூட்டுக்கும் தோலுக்கும் சம்பந்தமே இல்லை என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், நம்பவும் வேண்டாம். தோல் சூடேறினால் நெய் இளகி வேகமாக வெளியே வரும். வியர்வையில் ஊறிய தோலின் துவாரம் உப்பி வாய் குறுகும். ஹெல்மெட்டின் பட்டை தாடையில் மணிக்கணக்கில் உரசினால், உரசிய கோட்டிலேயே பரு வரிசை கட்டும். ஆகவே வெயில் காலத்தில் கூடுவது உண்மை. ஆனால் 'உடம்புக்குள் சூடு' என்று நாம் ஒரே சொல்லில் கட்டி வைத்திருப்பது மூன்று வெவ்வேறு சங்கதிகளை.

முதுகிலும் கழுத்திலும் பொரிப்பொரியாக அரிக்கிற வேர்க்குரு, வியர்வைக் குழாய் அடைபடுவதால் வருவது. அதற்கும் நெய்ச் சுரப்பிக்கும் உறவில்லை. கோடையில் ஒரே ஒரு பெரிய உருண்டையாகத் திரண்டு பழுத்து உடைகிற வேனல் கட்டி, ஸ்டஃபைலோகாக்கஸ் என்கிற வேறு பாக்டீரியாவின் வேலை. மூன்றாவதுதான் பரு. வேர்க்குருப் பவுடரைப் பருவில் போடுவதும், கட்டிக்கு வைக்கிற பத்தைப் பருவுக்கு வைப்பதும் பெயர் ஒன்றாகிவிட்டதால் வந்த வினை.

மாம்பழத்தைக் குற்றவாளி என்று சொல்ல ஆதாரம் இல்லை. உணவுக்குப் பங்கே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2007இல் மெல்பர்னில் இளைஞர்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றாத உணவைப் பன்னிரண்டு வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களுக்குப் பரு அதிகம் குறைந்தது. பாப்புவா நியூ கினியாவின் கிட்டாவா தீவில் கிழங்கும் மீனும் தேங்காயும் தின்று வாழ்பவர்களை ஆயிரத்துக்கு மேல் பரிசோதித்தபோது ஒருவர் முகத்திலும் பரு இல்லை என்ற 2002ஆம் ஆண்டு ஆய்வும் உண்டு. சர்க்கரை ஏறும்போது இன்சுலின் ஏறுகிறது, இன்சுலினும் அதன் பங்காளிகளும் நெய்ச் சுரப்பியைத் தூண்டுகின்றன என்பது இதற்கான விளக்கம். பாலின் மேலும் சந்தேகம் இருக்கிறது. ஜிம்முக்குப் போகிற பையன்கள் பாலில் கலக்கிக் குடிக்கிற வே புரோட்டீன் மேல் இன்னும் கூடுதல் சந்தேகம். அப்படிப் பார்த்தால் ஜிகர்தண்டா, பாலும் சர்க்கரையும் ஐஸ்கிரீமுமாக, இரண்டு சந்தேக நபர்களையும் ஒரே டம்ளரில் வைத்திருக்கிறது. அதற்காக மதுரையில் இருந்துகொண்டு அதை விடச் சொல்கிற துணிச்சல் எனக்கில்லை. தினமும் வேண்டாம் என்று மட்டும் சொல்லலாம்.

சூட்டைத் தணிக்கத் தலையில் வழிய வழிய வைக்கிற எண்ணெய்தான் பல வீடுகளில் உண்மையான கோளாறு. நெற்றியோரமும் காதுக்கு முன்னாலும் பொடிப்பொடியாகப் பரு வரிசை கட்டினால், முதலில் எண்ணெய்க் கிண்ணத்தைச் சந்தேகிக்க வேண்டும். தலைக்கு எண்ணெய் வையுங்கள், தப்பில்லை. ராத்திரி முழுக்க அது நெற்றியில் வழிந்து தலையணையில் ஊறிக் கன்னத்துக்குத் திரும்பி வரும்படி வைக்காதீர்கள்.

சங்கும் சாதிக்காயும்

மாசி வீதிகளில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் போய்ப் பருவுக்கு என்று கேட்டால் கஸ்தூரி மஞ்சள், சாதிக்காய், சந்தனக் கட்டை எல்லாம் வரும். சங்கு பெரும்பாலான வீடுகளில் ஏற்கெனவே இருக்கும், குழந்தைக்கு மருந்து புகட்டிய பழைய சங்கு. உரைகல்லில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுச் சங்கை உரசினால் வெள்ளையாக ஒரு குழம்பு வரும். அது சுண்ணாம்புச் சத்து. பருவின் மேல் அப்பினால் ஈரத்தை உறிஞ்சிக் காயும், காயும்போது இழுக்கும், இதமாக இருக்கும். மேற்புற வீக்கம் கொஞ்சம் அமுங்கியது போலத் தெரியும். துவாரத்துக்குள் அது இறங்காது. கெடுதலும் செய்யாது. சந்தனமும் அப்படியே.

சாதிக்காயை உரசிப் போட்டுச் சிலருக்கு எரிச்சல் வரும். எலுமிச்சைச் சாறு போட்டுக்கொண்டு வெயிலில் போனால் முகத்தில் கருப்புத் திட்டு விழும். பூண்டை நசுக்கி வைத்து ராத்திரி தூங்கினால் காலையில் பரு இருந்த இடத்தில் தீக்காயம் இருக்கும், விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பற்பசை அதற்குத் தம்பி. இந்த வரிசையில் ஆய்வில் நின்று பார்த்தது என்று சொன்னால் நம் ஊர்ப் பொருள் இல்லை, ஆஸ்திரேலியாவின் டீ ட்ரீ எண்ணெய். 1990இல் 124 பேரிடம் அதை அலோபதி மருந்தோடு ஒப்பிட்டுப் பார்த்ததில், மெதுவாக என்றாலும், வேலை செய்தது.

வீட்டு வைத்தியத்தில் மிக மோசமானது எந்தப் பொருளும் அல்ல, நகம்தான். கிள்ளும்போது பாதி வெளியே வருகிறது, பாதி சுவர் உடைந்து தோலுக்குள்ளேயே இறங்குகிறது. காவல் படை இன்னும் பெரிதாக வந்து இறங்கும். வாரத்தில் போயிருக்க வேண்டியது வருஷக் குழியாக நிற்கும்.

அடைப்பை எடுக்கிற மருந்து

திருவிழா முடிந்து சில நாளில், ஒளிந்திருந்த பருக்களும் தலைகாட்டிய பிறகு, மல்லிகாவைச் சிகிச்சைக்கு அழைத்துப் போவோம். மதுரை மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த அரசு ராஜாஜி மருத்துவமனை, ஊரார் வாயில் 'பெரியாஸ்பத்திரி', அங்கே தோல் பிரிவு இருக்கிறது. சீட்டு வாங்கி வரிசையில் நின்றால் பார்ப்பார்கள், காசு கிடையாது. மல்லிகாவுக்கு நெற்றியில் பத்துப் பதினைந்து மூடிய அடைப்புகள், கன்னத்தில் ஏழெட்டுச் சிவந்த பருக்கள். மிதமான பரு என்று எடுத்துக்கொள்வோம். இரண்டு மருந்துகள் எழுதப்படுகின்றன: ராத்திரிக்கு அடாபலீன், பகலில் 2.5 சதவீத பென்சாயில் பெராக்சைடு.

அடாபலீன் வைட்டமின் ஏயின் உறவுக் குடும்பம். இந்தக் குடும்பத்துக்கு ரெட்டினாய்டு என்று பெயர். இது கிருமியைக் கொல்வதில்லை, நெய்யையும் வற்றச் செய்வதில்லை. கிணற்றின் உட்சுவரில் செல்கள் ஒட்டிக்கொள்ளாமல் தனித்தனியாக உதிரச் செய்கிறது. அதாவது நுண்ணடைப்பு கட்டாமலே தடுக்கிறது. அப்படியென்றால் கேரட் நிறையச் சாப்பிட்டால் போதாதா என்று ஒருவர் கேட்டார். போதாது. தோலின் அந்த இடத்தில் வேண்டிய அளவை உணவால் எட்ட முடியாது, வைட்டமின் ஏ மாத்திரைகளை அள்ளி விழுங்கி எட்ட முயன்றால் ஈரல் கெடும்.

பென்சாயில் பெராக்சைடின் வேலை வேறு. அது துவாரத்துக்குள் ஆக்சிஜனை விடுகிறது. காற்றில்லாமல் வாழப் பழகிய பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் விஷம். இதில் ஒரு பெரிய நன்மை: ஆன்ட்டிபயாட்டிக்கை ஏமாற்றப் பழகிக்கொள்கிற கிருமி, ஆக்சிஜனை ஏமாற்றப் பழகுவதில்லை. 10 சதவீதம் வாங்கினால் நாலு மடங்கு வேலை செய்யும் என்று நினைக்க வேண்டாம். 1980களிலேயே ஒப்பிட்டுப் பார்த்துவிட்டார்கள். சிவந்த பருவைக் குறைப்பதில் 2.5க்கும் 10க்கும் பெரிய வித்தியாசமில்லை, எரிச்சல்தான் கூடுகிறது. இன்னொரு எச்சரிக்கை: இது துணியை வெளுக்கும். சுங்குடிச் சேலைத் தலைப்பில் முகத்தைத் துடைத்தால் சேலையில் புள்ளிகள் கூடும், சாயமில்லாத புள்ளிகள்.

போடுகிற விதத்தில்தான் பாதிச் சிகிச்சை இருக்கிறது. பருவின் மேல் மட்டும் புள்ளி வைப்பது தப்பு. காரணம் உங்களுக்கு இப்போது தெரியும்: வைகாசிப் பரு எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. மல்லிகா ராத்திரி முகம் கழுவி, துடைத்து, நன்றாகக் காய விடுகிறாள். ஈரத்தோடு போட்டால் எரியும். முழு முகத்துக்கும் சேர்த்து ஒரு பச்சைப் பட்டாணி அளவு. அதை நெற்றி, மூக்கு, இரண்டு கன்னம், தாடை என்று ஐந்து பொட்டாக வைத்து மெல்லப் பரப்புகிறாள். கண்ணோரமும் உதட்டோரமும் வேண்டாம். முதல் இரண்டு வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள். மேலே சாதாரண மாய்ஸ்சரைசர். பகலில் சன்ஸ்கிரீன், மதுரை வெயிலில் அது அலங்காரமல்ல.

இரண்டாவது வாரம் தோல் உரிகிறது, கொஞ்சம் எரிகிறது, புதிதாக நாலு பரு தலைகாட்டுகிறது. "இந்த மருந்து எனக்குச் சேரலம்மா" என்று பாதிப் பேர் விட்டுவிடுகிற இடம் இது. உள்ளே ஏற்கெனவே கட்டியிருந்த அடைப்புகள் இளகி மேலே வருகின்றன, அவ்வளவுதான். ஐந்தாவது வாரம் பெரிய மாற்றமில்லை. எட்டாவது வாரம் நெற்றி தடவினால் வழுவழு. பன்னிரண்டாவது வாரம் டாக்டர் பார்த்து, மருந்து கேட்கிறதா இல்லையா என்று தீர்மானிக்கலாம். அதற்கு முன் எந்தத் தீர்ப்பும் செல்லாது. மாசியில் விதைத்தது முளைத்து முடிய வேண்டுமே.

மாத்திரைகள்

வெளிப்பூச்சு போதாத இடத்தில் மாத்திரை வருகிறது. நம் ஊரில் அதிகம் எழுதப்படுவது டாக்சிசைக்ளின். இது டெட்ராசைக்ளின் குடும்பம். இந்தக் குடும்பத்தின் மூத்த பிள்ளை ஆரியோமைசின். அது 1948இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டபோது, அது பிறந்த அமெரிக்க ஆய்வுக்கூடமான லெடர்லேயின் ஆராய்ச்சித் தலைவர் எல்லாப்பிரகத சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து அதைக் கண்டெடுத்தவர் அங்கே பணிபுரிந்த தாவரவியலர் பெஞ்சமின் டக்கர்.

டாக்சிசைக்ளின் கிருமியையும் அடக்கும், வீக்கத்தையும் குறைக்கும். ஆனால் மூன்று மாதத்துக்கு மேல் இழுக்கக் கூடாது, தனியாகவும் கொடுக்கக் கூடாது, கூடவே பென்சாயில் பெராக்சைடு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மருந்துக்கு அடங்காத கிருமிதான் மிஞ்சும். வயிறு நிறையத் தண்ணீர் குடித்து விழுங்க வேண்டும், விழுங்கியதும் படுக்கக் கூடாது. படுத்தால் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும்.

பெண்களுக்குத் தாடையோரமாகவே பரு வந்துகொண்டிருந்து, மாதவிலக்கும் தள்ளித் தள்ளிப் போனால், பிசிஓடி என்கிற சினைப்பைக் கோளாறா என்று பார்க்க வேண்டும். அங்கே ஹார்மோனைச் சரிக்கட்டுகிற மாத்திரைகள் உண்டு. அது முகத்தை மட்டும் பார்த்து எழுதுகிற மருந்தல்ல.

முதுகும் மார்பும் முகமுமாகப் பெரிய பெரிய கட்டிகளாக வந்து குழி விழுந்துகொண்டே போகிறவர்களுக்கு ஐசோட்ரெட்டினாயின். 1982இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நெய்ச் சுரப்பியையே சுருங்கச் செய்வதால், பருவின் எல்லாக் காரணங்களையும் ஒரே நேரத்தில் தொடுகிற மருந்து இது ஒன்றுதான். நாலைந்து மாதத்துக்கு மேல் தொடர்ந்து சாப்பிட்டுப் பலர் நிரந்தரமாகவே விடுபட்டிருக்கிறார்கள். உதடு காய்ந்து வெடிப்பது அநேகமாக எல்லோருக்கும் நடக்கும். ஈரல், கொழுப்பு இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை வேண்டும். கர்ப்பத்தில் இருக்கும் குழந்தைக்கு இது கடுமையான ஊனத்தை உண்டாக்கும். சாப்பிடும் காலத்திலும், நிறுத்திய பின் ஒரு மாதமும் கர்ப்பம் கூடவே கூடாது, ரத்த தானமும் கூடாது. புதிதாகக் கல்யாணமான பெண்ணுக்கு அக்கா சாப்பிட்டு மிச்சம் வைத்த அட்டையை எடுத்துக் கொடுக்கிற வழக்கத்தை நான் கேள்விப்பட்டிருக்கிறேன். கேட்கவே கை நடுங்குகிறது.

மூன்று நாள் க்ரீம்

இனி மல்லிகாவின் கதையை வேறு விதமாக ஓட்டிப் பார்ப்போம். அவள் பெரியாஸ்பத்திரிக்குப் போகவில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கியதும் ஒரு மருந்துக் கடையில், "அண்ணே, பருவுக்கு ஒரு க்ரீம் குடுங்கண்ணே" என்கிறாள். பெயர் கேட்காமலே ஒரு சின்ன ட்யூப் வருகிறது.

மூன்று நாளில் சிவப்பு மாயம். ஒரு வாரத்தில் முகம் பளிச்சென்று ஒரு படி வெளுத்துத் தெரிகிறது. தோழிகள் கேட்கிறார்கள், அவளும் பெயர் சொல்கிறாள். இரண்டு மாதம் கழித்து ஒரு வாரம் போட மறந்தால் முகம் எரிகிறது, சிவக்கிறது, முன்னைவிட மோசமாகப் பொரிகிறது. மறுபடி போட்டால் அடங்குகிறது. வெயிலில் நின்றால் மிளகாய் அரைத்துப் பூசியது போல இருக்கிறது. தோல் மெலிந்து, கன்னத்தில் மெல்லிய சிவப்பு நரம்புகள் தெரிகின்றன. பூனைமுடி வளர்கிறது.

அந்த ட்யூபில் இருந்தது ஸ்டீராய்டு. நாம் பார்த்த காவல் படையை வீட்டுக்கு அனுப்புகிற மருந்து. சண்டை நின்றதால் சிவப்பு போயிற்று. அடைப்பு? அப்படியே இருக்கிறது. கிருமி? கேட்பாரில்லாமல் பெருகுகிறது. மருந்தை நிறுத்தியதும் படை மொத்தமாகத் திரும்பி வருகிறது. தோல் மருத்துவத்தில் கரப்பான், சொரியாசிஸ் போன்ற நோய்களுக்கு ஸ்டீராய்டு அருமையான மருந்து. தப்பு மருந்தில் இல்லை, முகத்துக்கு வந்த வழியில் இருக்கிறது.

அந்த வழி விசித்திரமானது. ரெட்டினாய்டு பருவுக்குக் கேட்கும் என்று 1969இல் காட்டியவர் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஆல்பர்ட் கிளிக்மன். பிலடெல்பியாவின் ஹோம்ஸ்பர்க் சிறைக் கைதிகளின் தோலில் பரிசோதனை செய்தவர் என்ற நீங்காத கறையும் அவர் பெயரில் உண்டு. அதே கிளிக்மன் 1975இல் முகத்தின் கருந்திட்டுகளை வெளுக்க மூன்று மருந்துகளை ஒன்றாகக் கலந்து ஒரு க்ரீமை வெளியிட்டார்: ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின், ஒரு ஸ்டீராய்டு. டாக்டர் மேற்பார்வையில் சில வாரங்களுக்கு மட்டும் என்று உருவான அந்தச் சூத்திரத்தின் வாரிசுகள், இந்தியாவில் நிறம் வெளுக்கிற க்ரீமாக வருஷக்கணக்கில் பூசப்பட்டன. பருவுக்கு மருந்து கேட்டவளுக்குச் சிவப்பழகும் சேர்ந்து கிடைத்தால் யார் வேண்டாம் என்பார்கள்? நம் ஊரின் நிற மோகம் இல்லாவிட்டால் இந்த வியாபாரம் நடந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

2011இல் வெளிவந்த ஓர் ஆய்வில், நாட்டின் பன்னிரண்டு மையங்களில் முகத்தோல் பிரச்சினைக்காக வந்த 2926 பேரை இந்தியத் தோல் மருத்துவர்கள் விசாரித்தார்கள். 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களில் 104 பேர் போட்டது பருவுக்காக. அந்த 433 பேரிடமும் அதிகம் காணப்பட்ட பக்கவிளைவு என்ன தெரியுமா? பரு வருவது, அல்லது இருந்த பரு மோசமாவது. தோல் மருத்துவர் சங்கம் தொடர்ந்து குரல் கொடுத்த பிறகு, 2018 மார்ச்சில் மத்திய அரசு பதினான்கு ஸ்டீராய்டு களிம்புகளை, டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத ஷெட்யூல் எச் பட்டியலுக்குள் கொண்டுவந்தது. சட்டம் கடைக்காரர் மேசை வரை வந்துவிட்டது. மேசைக்கு அந்தப் பக்கம் அது எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று சீட்டில்லாமல் ஒரு ட்யூப் கேட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

குழியும் கறையும்

பரு போன இடத்தில் நிற்கிற பழுப்புக் கறை நம்மைப் போன்ற நிறத்தவர்களுக்கு அதிகம். வீக்கம் பட்ட இடத்தில் நிறமி கூடுதலாக ஊறுகிறது. அது தழும்பல்ல. வெயிலிலிருந்து காத்தால் சில மாதங்களில் தானாக மங்கும், அடாபலீன் அதைக் கொஞ்சம் விரைவுபடுத்தும். குழி என்பது வேறு, தோலின் ஆழமே உடைந்துபோனது. அதற்கு க்ரீம் கிடையாது. ஊசிகளால் துளைத்துப் புதுத் தோல் வளரச் செய்வது, லேசர் என்று வழிகள் உண்டு. குழியை முழுதாக நிரப்புவதில்லை, ஆழத்தைக் குறைக்கின்றன. அதுவும் பரு அடங்கிய பிறகுதான். பரு வந்துகொண்டிருக்கும்போதே லேசருக்குப் பணம் கட்டச் சொல்கிற இடத்திலிருந்து எழுந்து வந்துவிடலாம்.

உங்கள் வீட்டு அலமாரியில் ஒரு முகக் க்ரீம் ட்யூப் இருந்தால் இன்றைக்குத் திருப்பிப் பாருங்கள். பொடி எழுத்தில் பீட்டாமெதாசோன், மோமெட்டாசோன், க்ளோபெட்டசால், ஃப்ளுவோசினோலோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. மாதக்கணக்கில் போட்டுவந்தவர்கள் பயந்து ஒரே நாளில் தூக்கி எறிய வேண்டாம், முகம் கொந்தளித்துவிடும். ட்யூபைக் கையோடு எடுத்துக்கொண்டு தோல் டாக்டரிடம் போய்க் காட்டுங்கள், படிப்படியாக இறக்குவார். மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள்தான்: வைகாசியில் கல்யாணம் என்றால் சித்திரையில் க்ரீம் தேடாதீர்கள். மாசியிலேயே போய் டாக்டரைப் பாருங்கள்.